சீன மொழியில் ஒரு பெயரை எங்கே வைப்பது

சீனாவிலிருந்து பதில் வந்தபோது நான் டைரி அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். புது மையின் வாடையும் பசை காயும் வாடையும் கலந்து வந்தன. மற்ற மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, மூலையில் ஃபோல்டிங் மிஷின் மட்டும் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

பெரிய தாளை வாங்கி, மடித்து மடித்து, டைரிப் பக்கங்களாக வெளியே தள்ளுகிற மிஷின் அது. சீனாவிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சீசன் உச்சத்தில் இருக்கும்போது நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று அந்தக் கம்பெனிக்குச் சீன மொழியில் மெயில் எழுதியது நான். அச்சகத்தில் எனக்கு அதுதான் வேலை.

"என்னம்மா சொல்றான்?" என்று கேட்டபடி முதலாளி வந்தார். எல்லோரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

போனில் இருந்ததைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். பிறகு வேறு வழியில்லாமல் தமிழில் சொன்னேன்.

"மிஷினை ஓட்டுனவங்க முறையா ஓட்டலையாம். அதனால வாரண்டியில வராதாம். அவங்களுக்குப் பயிற்சி குடுக்கணும், இல்லேன்னா வேற ஆளைப் போடணும்னு எழுதியிருக்காங்க அண்ணாச்சி."

அந்த மிஷினை ஓட்டுகிற பாக்கியம் அக்கா அங்கேதான் நின்றார். மிஷினைத் துடைத்த பழந்துணி கையில் இருந்தது.

"நானா? நான் என்ன செஞ்சேன்? சீனாவுல உக்காந்துக்கிட்டு என்னைக் கண்டானாக்கும் அவன்?"

"மிஷின் செஞ்சவனே சொல்லிட்டான். பெறகு நான் என்னத்தச் சொல்ல?" என்றார் அண்ணாச்சி. "நாளையில இருந்து டின் அடிக்கிற பக்கம் போயிரு பாக்கியம். இதுக்கு வேற ஆளைப் பாப்போம்."

டின் அடிப்பது என்றால், காலண்டரின் தலையில் தகரப் பட்டையை வைத்து அழுத்துவது. அந்த வேலையில் பல வருஷம் கிடந்துவிட்டுத்தான் பாக்கியம் அக்கா மிஷினுக்கு வந்தார். எங்கள் அச்சகத்தில் மிஷின் ஓட்டிய முதல் பெண் அவர். திரும்பி அங்கே போவது என்றால் வேலை மாறுவது மட்டும் இல்லை. 'பொம்பளைக்கு மிஷினக் குடுத்தா இப்படித்தான்' என்று சொல்லக் காத்திருந்தவர்கள் வாயில் போய் விழுவது.

"அண்ணாச்சி, நாளைக்கு ஒரு நாள் டயம் குடுங்க. நான் அவங்ககிட்டப் பேசுறேன்" என்றேன்.

"அதான் எழுதியாச்சே. பெறகென்ன பேச?"

"எழுதுறது வேற, பேசுறது வேற அண்ணாச்சி."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

லீவு கேட்ட கதை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா லோடு ஏற்றுகிறவர். அம்மா சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். இவர்களுக்குப் பிறந்தவள் விருதுநகரில் டிகிரி முடித்து, போனைப் பார்த்தே சீன எழுத்துப் பழகி, உதவித்தொகை வாங்கி, சீனாவுக்கே போய்ப் படித்துவிட்டு வந்தாள். இதை நான் எங்கேயும் தணிந்த குரலில் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சீனாவில் எங்கள் வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோருக்கும் சீனம் இரண்டாவதோ மூன்றாவதோ மொழி. லின் டீச்சர் ஒரு நாள் வேடிக்கையான வேலை கொடுத்தார். லீவு கேட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பையன் எழுதினான்: 'நாளை நான் வர மாட்டேன். காரணம் என்னவென்றால்…' லின் டீச்சர் சிரித்தார். "காரணத்தைப் படிப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டதே, என்ன செய்ய?" என்றார். சீனர்கள் காரணத்தை முதலில் விரித்து வைத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்பார்கள். 'ஏனென்றால்' முன்னே வரும், 'ஆகவே' பின்னே வரும்.

எனக்கு அது ஒன்றும் புதிதாக இல்லை. நம் ஊரில் கைமாற்று கேட்க வருகிறவர் எடுத்த எடுப்பில் கேட்பாரா? மழையில்லை என்பார், பிள்ளைக்குப் பரீட்சை என்பார், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். ஆகவே என் கடிதத்தைப் பெருமையோடுதான் நீட்டினேன்.

என் கடிதம் இப்படித் தொடங்கியது: 'என் அறைத்தோழி நிகினாவுக்குக் காய்ச்சல். அவள் நேற்று சாப்பிடவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் பேச பயமாக இருக்கிறது.' இப்படியே போய், கடைசி வரியில், 'ஆகவே நான் உடன் போக வேண்டும், லீவு தாருங்கள்.'

லின் டீச்சர் கடைசி வரிக்கு வருவதற்கு முன்பே வருகைப் பதிவேட்டில் நிகினாவின் பெயருக்கு நேராக லீவு என்று குறித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. நல்ல உடம்போடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நிகினா எழுந்து நின்று டீச்சருக்கு நன்றி சொன்னாள்.

"காரணத்தை முதலில் சொன்னது சரி," என்றார் லின் டீச்சர். "ஆனால் நீ முதலில் எதை மேஜைமேல் வைக்கிறாயோ, அதைப் பற்றித்தான் பேசப் போகிறாய் என்று நினைத்து நான் உட்கார்ந்திருப்பேன். நீ நிகினாவை வைத்தாய். நான் நிகினாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

சிரித்தேன். எழுதியும் வைத்துக்கொண்டேன். தேர்வில் அதைப் பற்றிக் கேள்வி வரவில்லை.

பேசுகிறவளும் எழுதுகிறவளும்

இன்னொரு பயிற்சியும் உண்டு. ஒரே விஷயத்தை முதலில் பேச வேண்டும். டீச்சர் பதிவு செய்துகொள்வார். பிறகு அதையே எழுத வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் பேச்சை நானே கேட்டபோது கூசியது. வாக்கியத்துக்கு வாக்கியம் 'ரன்ஹோவ்', 'ரன்ஹோவ்' என்று போனது. ரன்ஹோவ் என்றால் 'பிறகு'. அன்றைக்கு நான் பேசியது பஸ்ஸைத் தவறவிட்ட கதை. கேட்கக் கேட்க அது யாருடைய குரல் என்று புரிந்தது. வேனைவிட்டு இறங்கி வந்து அம்மா சொல்கிற கதைதான்: 'பெறகு மழை புடிச்சுக்கிருச்சு, பெறகு வேன்காரன் வரலை, பெறகு பாத்தா…' மொழிதான் சீனம். கதை சொல்கிறது எங்கள் வீட்டு அடுப்படி.

அதே கதையை எழுதியபோது வேறு ஒரு ஆள் வந்து உட்கார்ந்துகொண்டாள். 'முதலாவதாக', 'இரண்டாவதாக', 'இறுதியாக'. பிளஸ் டூவில் இங்கிலீஷ் கட்டுரைக்கு மனப்பாடம் செய்த அதே வரிசை. பஸ்ஸைத் தவறவிட்டதில் இரண்டாவதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தும் எழுதியிருந்தேன்.

எனக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். பிரெஞ்சுப் பையன் பேசும்போது தடுமாறுவான். எழுதினால் வக்கீல் மாதிரி வாதாடுவான். தாய்லாந்துப் பெண் பேசும்போது சிரித்துச் சிரித்து விஷயத்துக்கு வந்துவிடுவாள். எழுத உட்கார்ந்தால் மன்னிப்பைத் தாண்டி வர மாட்டாள். எல்லோர் எழுத்திலும் முதன்முதலில் பேனா பிடித்த பள்ளிக்கூடத்தின் வாடை இருந்தது. பேச்சில் அவரவர் வீட்டு வாடை.

தப்பான எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிடலாம். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதற்கு எங்கே வட்டமிடுவது? அதனால்தானோ என்னவோ, அது யார் கண்ணிலும் படாமல் நம்மோடேயே ஊர் திரும்பிவிடுகிறது.

யாரு இருந்தா?

அன்று சாயங்காலம் அச்சக ஆபீசில் உட்கார்ந்து, நான் அனுப்பியிருந்த மெயிலைத் திறந்தேன். எழுத்துப்பிழை தேடினேன். இல்லை. வார்த்தைகளைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. பொய்யும் ஒன்று கூட இல்லை.

'பாக்கியம் என்கிற ஊழியர் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய தாள் தீர்ந்துவிட்டது. பிறகு அவர் கனமான தாளைப் போட்டார். பிறகு சூடான வாடை வந்தது. பிறகு மிஷின் நின்றுவிட்டது.'

ஏன் பாக்கியம் அக்காவிலிருந்து தொடங்கினேன்? இது மிஷின் கோளாறு. மிஷினின் நம்பரைச் சொல்லியல்லவா ஆரம்பித்திருக்க வேண்டும்?

யோசித்தபோது அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. மிஷின் கிரீச்சென்று நின்ற சத்தம் கேட்டு அண்ணாச்சி ஆபீசிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். அவர் மிஷினைப் பார்க்கவில்லை. "யாரு இருந்தா? பாக்கியமா? கையில எதுவும் படலயே?" என்றுதான் கேட்டார். படவில்லை என்று தெரிந்த பிறகுதான் மிஷின் பக்கம் திரும்பினார். அப்புறம் என்னைப் பார்த்து, "பாக்கியம் ஓட்டிக்கிட்டு இருக்கும்போது இப்படி ஆயிருச்சுன்னு எழுதும்மா" என்றார். எழுதினேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள். தூரத்தில் 'டம்'மென்று ஒரு சத்தம் கேட்டு, பனைமரங்களுக்கு மேலே புகை எழுந்தால், எப்படி நடந்தது என்று யாரும் முதலில் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி? எந்த ரூம்? யாரு இருந்தா? காரணத்தை ஆபீசர்கள் ஜீப்பில் வந்து ஆறுமாதம் எழுதிக்கொள்ளட்டும். பெயர் உடனே வேண்டும். எந்த வீட்டுக்கு ஓடுவது என்று தெரிய வேண்டுமே.

நான் படித்த பள்ளிக்கூடத்தில், அப்படிச் சத்தம் கேட்டால் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும் டீச்சரின் சாக்பீஸ் நின்றுவிடும். ஜன்னல் பக்கம் இருக்கிற பிள்ளை ரோட்டில் போகிறவரிடம் கத்திக் கேட்கும். முதலில் பெயர் வரும். நம் வீட்டுப் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மீதியைக் காதில் வாங்க முடியும்.

அந்தப் பழக்கம் பட்டாசோடு நிற்பதில்லை. பைக் சறுக்கினாலும், கிரைண்டர் நின்றாலும், அச்சகத்தில் பல்சக்கரம் உடைந்தாலும் நாங்கள் ஆளில்தான் தொடங்குவோம். ஆள்தான் எங்களுக்கு முதல் விஷயம்.

சீனாவில் அந்த மெயிலைப் படித்தவர் என்ன செய்வார்? மேஜைமேல் முதலில் வைக்கப்பட்டது பாக்கியம். கடைசியில் இருப்பது நின்றுபோன மிஷின். நடுவில் அவர் போட்ட கனமான தாள். காரணம் முன்னே, விளைவு பின்னே என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு குற்றப்பத்திரிகை. நான் 'பிறகு' என்று எழுதிய இடத்தில் எல்லாம் அவர் 'ஆகவே' என்று படித்திருக்கிறார்.

அக்கறையாக நாங்கள் முதலில் சொன்ன பெயர், அங்கே போய்ச் சேரும்போது பழியாக இருந்தது.

மேஜைமேல் மிஷின்

மறுநாள் காலையில் வீடியோ கால் போட்டேன். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆள் பெயர் சென். விசா சிக்கலால் அவர் சிவகாசிக்கு வந்ததே இல்லை. மிஷினை மாட்டியதே அவர் அங்கிருந்து சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொல்லச் சொல்லத்தான். அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் 'சென் அண்ணாச்சி'.

அவர் போனை எடுப்பதற்கு முன்னால் பாக்கியம் அக்கா பக்கத்தில் வந்தார்.

"ஏ சைனா புள்ள, எதுக்கு இம்புட்டு வேர்த்துக்கொட்டுது? போறது என் மிஷின். நானே கம்முனு இருக்கேன்."

"நீங்க கம்முனு இருக்கீகளாக்கா? நேத்துல இருந்து துடைச்சதையே துடைச்சுக்கிட்டு இருக்கீக."

"இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன். ஆனா அவளுக்குச் சீனாவுல பேச்சு எடுபடுமான்னு தெரியலை. நீ பாத்துப் பேசு."

சென் திரையில் வந்தார். பின்னால் பெரிய கூடம், யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம். பாக்கியம் அக்காவிடம் கேட்டுக் கேட்டு நான் தயார் செய்து வைத்திருந்த தாளைப் பார்த்து ஆரம்பித்தேன். "முதலாவதாக, நேற்றைய தங்கள் பதிலுக்கு நன்றி. இரண்டாவதாக…"

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "படிக்காதே. பேசு. என்ன நடந்தது?"

தாளைக் கவிழ்த்து வைத்தேன். என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் எங்கள் ஊர் நாக்கு எங்கே போகும் என்றுதான் சொன்னேனே. பாக்கியம் அக்காவின் பெயர் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். பின்னால் அண்ணாச்சியின் மூச்சு கேட்டது. "பேசும்மா" என்றார்.

"இந்த மிஷின்," என்று சொல்லி நிறுத்தினேன். சீனர்கள் அப்படித்தான் நிறுத்துவார்கள். இலையைப் போட்டுவிட்டுப் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்பது மாதிரி. "மாட்டிய நாளிலிருந்து வலது பக்கத்தில் லேசாக ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஓடினால் அந்தப் பக்கம் சூடாகும். லேசான தாள் ஓடும்போதும் சூடாகும், கனமான தாள் ஓடும்போதும் சூடாகும். நின்ற அன்றைக்குக் கனமான தாள்தான் ஓடியது. உங்கள் புத்தகத்தில் அந்தத் தாளுக்கு அனுமதி இருக்கிறது. அன்றைக்குச் சத்தம் கூடியது. கருகல் வாடை வந்தது. ஆகவே வலது பக்க மூடியைத் திறந்து உங்களுக்குக் காட்டலாம் என்று நினைக்கிறேன்."

கனமான தாளை நான் மறைக்கவில்லை. அதை மிஷினின் கதைக்குள் அதற்குரிய இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான்.

என் சீனத்தில் அன்றைக்கு இரண்டு மூன்று இடத்தில் தடுமாற்றம் இருந்தது. மெயிலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சென் இப்போது ஆளைத் தேடவில்லை. திரையை நோக்கிக் குனிந்தார். "திற" என்றார்.

பாக்கியம் அக்காதான் திருப்புளியால் மூடியைக் கழற்றினார். நான் போனை உள்ளே நீட்டினேன். டார்ச் வெளிச்சத்தில், உருளையின் முனையில் இருந்த பேரிங் நீலமும் கறுப்புமாகக் கருகியிருந்தது. சென் விரலால் தடவச் சொன்னார். தடவினேன். வறண்டிருந்தது. கிரீஸின் பிசுபிசுப்பே இல்லை.

சென் திரைக்கு இன்னும் அருகில் வந்து, போனை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிப் பார்த்தார்.

"இது எங்கள் பக்கத்துத் தப்பு. கிரீஸ் வைக்காமலே அனுப்பியிருக்கிறோம்," என்றார் சென் கடைசியில். பிறகு, "இவ்வளவு கருகியும் உருளைத் தண்டு வளையவில்லையே. யார் நிறுத்தியது?" என்று கேட்டார்.

யார் என்று அவராகவே கேட்டார். அந்தப் பெயருக்குச் சீன மொழியில் இப்போதுதான் இடம் வந்திருந்தது.

"பாக்கியம்," என்றேன். "வாடை வந்ததும் சிவப்பு பட்டனை அழுத்தியது அவர்தான்." மெயிலில் 'மிஷின் நின்றுவிட்டது' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

தன் பெயர் காதில் விழுந்ததும் பாக்கியம் அக்கா திடுக்கிட்டார். "என்னைய என்னத்துக்குடி இழுக்க?" என்று என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

வாசித்துக் காட்டியது

அடுத்த நாள் சென்னின் சர்வீஸ் ரிப்போர்ட் வந்தது. அண்ணாச்சி வந்து நின்றார். பாக்கியம் அக்கா வந்தார். டின் அடிக்கிற பக்கத்திலிருந்தும் சிலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ரிப்போர்ட் நல்ல சீன வரிசையில் இருந்தது. மிஷினின் நம்பர், மாட்டிய விவரம், ஓடிய நிலைமை, பேரிங்கின் நிலை, அதற்குக் காரணம், ஆகவே வாரண்டியில் புது பேரிங் அனுப்பப்படும் என்ற முடிவு. எல்லாவற்றுக்கும் கீழே, போகிற போக்கில் சொல்வதுபோல ஒரு வரி: இயக்கியவர் உரிய நேரத்தில் நிறுத்தியதால் பெரிய சேதம் தவிர்க்கப்பட்டது.

மொழிபெயர்ப்பவள் மேலிருந்து கீழாகத்தான் படிக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். நான் நிமிர்ந்து சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். மிஷினின் நம்பரைக் கேட்க அங்கே யாரும் வரவில்லை.

"பாக்கியம் அக்கா மேல ஒரு தப்பும் இல்லை," என்றேன். "அக்கா நிறுத்துனதாலதான் மிஷின் தப்பிச்சுச்சுன்னு எழுதியிருக்காங்க."

யாரோ கை தட்டினார்கள். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே, "பாக்கியம், பேரிங் வரட்டும், மாட்டிட்டு நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. மற்றவர்களும் கலைந்தார்கள். நான் போனை மூடப் போனேன்.

பாக்கியம் அக்கா நகரவில்லை. அட்டைக் கட்டின்மேல் வசதியாக உட்கார்ந்து, சேலை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"எங்க போற? மிச்சத்தையும் வாசி புள்ள. நாளைப்பின்ன ஓட்டப் போறது நான். அதுக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

மிஷினின் நம்பரிலிருந்து ஆரம்பித்து வாசித்தேன்.